பிடித்தது பேய் அல்ல!

2023-ஆம் ஆண்டு, மே திங்கள் 27-ஆம் நாள். கம்பம் நகரத் தெருவிலே ஒரு யானை நடந்து வந்தது. திருவிழா யானையன்று, நெற்றியிலே பட்டமில்லை, முதுகிலே அம்பாரியில்லை, பக்கத்திலே பாகனில்லை. காட்டு யானை! ‘அரிசிக் கொம்பன்’ என்று மலைக்கு அப்பால் இருந்தோர் பெயரிட்ட யானை. சின்னக்கானல் பகுதியிலே பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்திலே கொண்டுவந்து விட்டனர். அதுவோ மேகமலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பத்துக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

கண்டோர் ஓடினர். முழங்கால் வலியென்று மூன்று திங்களாகப் படியேறாத முதியவரும் அன்று மதிலேறியிருப்பார்! நெஞ்சு தம்பட்டம் கொட்டியது, நா வறண்டது, கை சில்லிட்டது, வியர்வை ஆறாக வழிந்தது. யானை தாக்கி வீழ்ந்த ஒருவர் பின்னர் மாண்டார் என்பது துயரச் செய்தி. ஊரிலே 144 தடையுத்தரவு. ஜூன் 5-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டிலே கொண்டுபோய் விட்டனர். கம்பம் மூச்சு விட்டது.

எதற்கு இந்த யானைக் கதை என்பீர்கள். தோழர்களே, அன்று ஓடியவனைப் பார்த்து, “உன் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?” என்று எவரும் கேட்கவில்லை. யானையைக் கண்டான், அஞ்சினான், நெஞ்சு அடித்தது. இது கோடாங்கிக்கும் விளங்கும். பேய் என்று அவனும் சொல்லான். ஆனால் அதே நெஞ்சு, அதே படபடப்பு, அதே வியர்வை, யானையில்லாத வேளையிலே, வீட்டு முற்றத்திலே, ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால் மட்டும் உடுக்கையைத் தேடுகிறார்களே, ஏன்? யானை கண்ணுக்குத் தெரிந்தது; அவளை மிரட்டுவது தெரியவில்லை. தெரியவில்லையா, தெரியாதபடி திரை போட்டிருக்கிறார்களா?

திரையை விலக்குமுன் உடலின் கணக்கைச் சற்றே பார்ப்போம். ஆபத்து என்று கண்டதும் மூளை இரு வழியாக ஆணை பிறப்பிக்கிறது. ஒன்று நரம்பு வழி. தந்தி போல நொடியிலே சேரும். சிறுநீரகங்களின் தலையிலே தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலின் என்னும் நீரைக் குருதியிலே கலக்கிறது. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரைப்பைக்குச் செல்லும் குருதி குறைந்து கால் தசைக்குப் பாய்கிறது, ஈரல் தன் களஞ்சியத்தைத் திறந்து சர்க்கரையை வாரி இறைக்கிறது. மற்றொன்று குருதி வழி. அஞ்சல் போலச் சற்றே தாமதம். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்டிசால் சுரக்கிறது. எரிபொருளைத் தொடர்ந்து தந்து, அவசரமல்லாத வேலைகளை ஒத்திவைக்கிறது. ஓடு, இல்லையேல் எதிர்த்து நில்! இதற்கான ஏற்பாடே இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் நூலாக எழுதினார்.

1936-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலே ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் எலிகளை வருத்திப் பார்த்தார். குளிரிலே வைத்தார், களைக்கக் களைக்க ஓடவிட்டார், மருந்தூசி குத்தினார். வருத்தம் பலவாயினும் விளைவு ஒன்றாக இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கிற்று; நோயெதிர்ப்புக்குத் துணையான தைமஸ் சுருங்கிற்று; இரைப்பையிலே புண் கண்டது. எலியின் புண்ணுக்கு முற்பிறவிப் பயனே காரணம் என்று அவர் எழுதவில்லை. எலிக்கு ஏழரைச் சனி நடக்கிறதா என்று எந்தச் சோதிடனும் கட்டம் போட்டுப் பார்த்ததில்லை. பாவம், எலி! அதற்குச் சாதகம் இல்லை. ஆனால் சுரப்பி இருக்கிறது.

இந்த ஏற்பாடு யானைக்காக அமைந்தது. யானை வரும், ஓடுவோம், யானை போகும், சுரப்பி அடங்கும். போகாத யானை ஒன்று வாசலிலேயே கட்டிக் கிடந்தால்?

கம்பம் பள்ளத்தாக்கு எழில் மிக்கது. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை, நடுவே முல்லைப் பெரியாற்றின் நீர். நெல், வாழை, தென்னை. பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. படம் பிடிக்க வருவோர் இவ்வளவையும் பிடித்துக்கொண்டு போவர். அவர்கள் விடியலுக்கு முன்னே எழுந்தால் வேறொரு படமும் கிடைக்கும்: கம்பத்திலும் கூடலூரிலும் கோம்பையிலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நிற்கிறார்கள்; ஜீப்புகள் வருகின்றன; ஆள்மேல் ஆளாக அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் குமுளியும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையிலே அதே வளைவுகளில் இறங்கி வருகின்றன. உலகச் சந்தைக்குப் போகும் ஏலக்காய்க்குப் போடியிலே ஏலம் கூறுகிறார்கள். மணம் எட்டுத் திசையும் பரவுகிறது. பறித்தவள் முதுகு வலியோடு அடுப்பு மூட்டுகிறாள்.

அவளுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். மூன்றரை மணிக்கு எழவேண்டும், சமைக்கவேண்டும், பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கவேண்டும், ஜீப்பைத் தவறவிட்டால் அன்றையக் கூலி போச்சு. மலையிலே மழை, அட்டை, பூச்சிமருந்து நெடி, குனிந்தும் குந்தியும் பறிக்கும் வேலை. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்கவும் அஞ்சும் பகற்பொழுது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கழிப்பிடமும் குடிநீரும் குழந்தைக் காப்பகமும் வேண்டுமென்றது. பின்னர் ஏலத் தோட்டத்தையும் அச்சட்டத்திலே சேர்த்தனர். சட்டம் மலையேறியதோ இல்லையோ, அவள் ஏறினாள். வீடு திரும்பினால் குழுக்கடன் தவணை கேட்க ஆள் வந்திருக்கும். கணவன் குடித்துவிட்டு வருவானா, குடியாமல் வருவானா? மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதா, மாமியாருக்கு மருந்து வாங்குவதா? படுத்தால் உறக்கமில்லை. உறங்கினால் மூன்றரை!

யானை எத்தனை, எண்ணிக்கொள்ளுங்கள். தவணை ஒரு யானை. வளைவிலே தடுமாறும் ஜீப் ஒரு யானை. தள்ளாடி வரும் காலடியோசை ஒரு யானை. இவற்றுக்கு மயக்க ஊசி போட வனத்துறை வருமா? வரவில்லை. ஆகவே சுரப்பி அடங்குவதில்லை. நாளெல்லாம் அழுத்தம் ஏறி நிற்க, இரத்தக் குழாய் தடிக்கிறது. இறைத்த சர்க்கரையைச் செலவிட ஓட்டமுமில்லை, போருமில்லை. அது குருதியிலேயே தங்குகிறது. ஒத்திவைத்த வேலைகள் ஒத்திவைத்தபடியே கிடக்கின்றன: செரிமானம், மாதவிலக்கு, உறக்கம், நோயோடு போரிடும் பணி.

வெறும் வாய்ப்பேச்சு என்று எவரேனும் முணுமுணுப்பரேல், சோதனைகள் உண்டு. 1991-இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் 394 பேரின் மூக்கிலே சளிக்காய்ச்சல் வைரசைச் சொட்டுச் சொட்டாக விட்டனர்.  மனச்சுமை மிகுந்தவருக்கே தொற்று மிகுதியாகப் பற்றியது. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோவிலே ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்னும் அம்மையார், மறதிநோய் கண்ட உறவினரை இரவுபகலாகப் பேணிவந்த பெண்களின் கையிலே, அவர்கள் இசைவோடு, பச்சைப்பயறு அளவுக்கும் குறைந்த சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார். அந்தச் சுமையில்லாத பெண்களைக் காட்டிலும் இவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாயிற்று! படுக்கையிலே கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் நம் வீட்டிலும் உண்டு. அவள் விரலிலே அரிவாள்மனை வெட்டு ஆறவில்லையென்றால், கண்ணேறு கழிக்க மிளகாய் சுற்றுகிறோம்.

துக்கம் நெஞ்சை அடைத்தது என்கிறோமே, அது அணியிலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நோயை வரைந்து காட்டினர். பேரிழப்பு, பேரதிர்ச்சி கேட்ட சில மணிக்குள் இதயத்தின் இடது அறை உப்பி, அவர்கள் நாட்டுப் பேய்க்கணவாய் பிடிக்கும் பானை வடிவுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பானையின் பெயரையே நோய்க்கும் இட்டனர்: டகோட்சுபோ. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே பெரிதும் வருவது. மாரடைப்புப் போலவே வலிக்கும். குழாயிலே அடைப்பு இருக்காது.

இனி முற்றத்துக்கு வாருங்கள். அந்தப் பெண் ஒரு நாள் மயங்கி விழுகிறாள். கை வெட்டி இழுக்கிறது, பேச்சுக் குழறுகிறது, பிறகு, ஆண்டுக்கணக்கிலே வாய் திறவாதவள் மாமியாரையும் கணவனையும் பெயர் சொல்லித் திட்டுகிறாள். ஊர் கூடுகிறது. கோடாங்கி வருகிறான், உடுக்கையோடு.

“எந்தத் தெசையில போய்ட்டு வந்தா?”

“தெனமும் மலைக்குத்தான் சாமி வேலைக்குப் போறா.”

“அதான பாத்தேன்! மெட்டு வளைவுல துர்ச்சாவு செத்த எளந்தாரி ஒருத்தன் தொத்திக்கிட்டான். லேசுல எறங்க மாட்டான். கருஞ்சேவ ஒண்ணு, எலுமிச்சை இருவத்தொண்ணு…”

கேட்டீர்களா தோழர்களே? வளைவிலே செத்தவன் யார்? ஆள்மேல் ஆளேற்றிய ஜீப் உருண்டால் மாள்பவன் யார்? அவனும் கூலிக்குப் போனவனே! உயிரோடிருந்தபோது அவன் உழைப்பை எடுத்துக்கொண்டார்கள். மாண்டபின் அவனையே குற்றவாளியாக்கி, உயிரோடிருக்கும் தொழிலாளி மேல் ஏற்றிவிட்டார்கள். ஆள்மேல் ஆளேற்றும் வழக்கம் ஜீப்போடு முடியவில்லை. கூலி கொடுத்தவன் மேல் வழக்கில்லை. வண்டி விட்டவன் மேல் வழக்கில்லை. கடன் கொடுத்தவன் மேல் வழக்கில்லை. குடித்து அடித்தவன் மேல் வழக்கேயில்லை. வழக்கு, செத்த கூலிக்காரன் மேல். தண்டனை, சாகாத கூலிக்காரி மேல். வேப்பிலை அடி, சாட்டையடி. உச்சிமயிரைப் பிடுங்கி மரத்திலே வைத்து ஆணி அறைதல். சேவலுக்கும் தகட்டுக்கும் மறுபடி கடன். கடனால் வந்த படபடப்புக்குக் கடன் வாங்கி மருந்து!

அயல்நாட்டிலிருந்து வந்து தென்னார்க்காட்டுச் சிற்றூர்களிலே தங்கி ஆராய்ந்த இசபெல் நபகோவ், 2000-இல் வெளியிட்ட நூலிலே பேயோட்டும் சடங்குகளை விரிவாக எழுதியுள்ளார். யாரைப் பேய் பிடிக்கிறதாம்? பெரும்பாலும் புதிதாக மணமான பெண்களை. பிடிக்கும் பேய் எது? அகால மரணமடைந்த இளைஞனின் ஆவி. நாம் கேட்கிறோம்: பேய்க்கு ஏன் மிராசுதாரரைப் பிடிக்கவில்லை? கந்துவட்டிக்காரர் நள்ளிரவிலே தனியாகத்தானே வசூல் முடித்து வருகிறார். அவரை ஏன் தொடவில்லை? தாய்வீட்டை விட்டு வந்து, புதிய வீட்டிலே குரலில்லாதவளாக நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தேடிப் பிடிக்கிறதே! அவளுக்குத் தன் வாயால் “எனக்கு இங்கே பிடிக்கவில்லை” என்று சொல்ல உரிமையில்லை. பேயின் வாயால் சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கிறது. அவள் நடிக்கிறாள் என்று சொல்லவில்லை. நடிப்பென்று அடிப்பது கோடாங்கியின் சாட்டைக்கு அண்ணன். வாய்க்கு வழியடைத்தால் உடல் பேசும். மூளை வேறு, உடல் வேறு என்று நடுவே சுவர் எதுவும் இல்லை.

வள்ளுவர் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பத்துக் குறளிலும் பேயோட்ட ஒன்றுமில்லை. கிரேக்க நாட்டிலே இயேசுவுக்கு நானூறு ஆண்டு முன்னரே, ஹிப்போகிராட்டிசின் பெயரால் வழங்கும் நூல், காக்காய்வலிப்பு தெய்வத்தால் வருவதன்று, மூளையால் வருவது என்று அறைந்தது. ஈராயிரத்து நானூறு ஆண்டாயிற்று. நம் தெருவிலே இன்னும் வலிப்பு வந்தவன் கையிலே சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள்.

“இருக்கட்டும், கோயிலிலே தங்கிக் குணமானவர் உண்டே?” என்று கேட்கும் நண்பர் இருப்பார். கேள்வி நியாயமானது, ஓடி ஒளியவேண்டியதில்லை. 2002-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலிலே தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து, இங்கிலாந்தின் மருத்துவ இதழிலே வெளியிட்டனர். சராசரி ஆறு வாரம் தங்கினர். நோயின் கடுமையைக் குறிக்கும் எண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மெய்தான்! ஆனால் அங்கே என்ன நடந்தது? பேயோட்டவில்லை, சாட்டையில்லை, மந்திரமில்லை, காலையிலே எளிய வழிபாடு ஒன்றே. உறவினர் உடன் தங்கினர். உணவு கிடைத்தது. முடிந்த சிறு வேலை செய்தனர். எவரும் ஏசவில்லை, விரட்டவில்லை. அந்தப் பரிவான சூழலே பயன் தந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்களே எழுதினர். ஆறு வாரம் ஓய்வும் சோறும் அன்பும் கொடுத்தால் மனிதன் தேறுகிறான்! தேறியதற்குப் புகழ் சாமிக்குப் போகிறது. அந்த ஆறு வாரத்தை அவனுடைய வீட்டிலே ஏன் கொடுக்கமுடியவில்லை என்பதே நம் கேள்வி.

எல்லா இடத்திலும் பரிவுதான் கிடைத்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. நேர்ந்துகொண்டு அழைத்துவரப்பட்ட நோயாளிகளைக் காப்பகமென்ற பெயரிலே கொட்டகையிலே சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். விடியற்காலையிலே தீப்பிடித்தது. ஓடு என்றது மூளை, அட்ரினலின் பாய்ந்தது, கால் எழுந்தது, சங்கிலி விடவில்லை. 28 பேர் வெந்து மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்றது. அதே சட்டம் மற்றொன்றும் சொன்னது: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தரவேண்டும். தவணைக்கு அஞ்சி நஞ்சுப் புட்டியை எடுத்தவளைக் காவல் நிலையத்துக்கு இழுத்த காலம் ஒன்று இருந்தது, நினைவிருக்கட்டும்.

கோடாங்கியைத் திட்டியாயிற்று, நம் தோழர்கள் கைதட்டுவர். அவன் பழைய கடைக்காரன். புதிய கடை ஒன்று குளிர்சாதன அறையிலே திறந்திருக்கிறது. அங்கே உடுக்கை இல்லை, ஒலிபெருக்கி உண்டு. “கவலைப்படாதே. கண்ணை மூடு. மூச்சை இழு. உன் எண்ணமே உன் நோய். எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும்!” மூச்சைச் சீராக இழுத்தால் படபடப்பு சற்றே தணியும், மறுக்கவில்லை. நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் “உன் எண்ணமே உன் நோய்” என்கிறாரே, அங்கேதான் பழைய சரக்கு புதிய பொட்டலத்திலே வருகிறது. அன்று ‘உன் வினை’ என்றார்கள். இன்று ‘உன் எண்ணம்’ என்கிறார்கள். இரண்டிலும் குற்றவாளி அவளே. குச்சனூரிலே எள் விளக்கேற்றிச் சனி தணியட்டும் என்று காத்திருக்கச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே கட்டணம் குறைவு!

எண்ணத்தை மாற்றினால் வாழ்வு மாறுமா, வாழ்வு மாறினால் எண்ணம் மாறுமா? விடை நம் தமிழ்நாட்டு வயலிலேயே கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 சிற்றூர்களிலே 464 கரும்பு உழவர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். கரும்பு உழவனுக்குப் பணம் ஆண்டுக்கொரு முறை, அறுவடைக்குப் பின். அதற்கு முன் அடகு, கைமாற்று, கடன். அதே உழவனுக்கு அறுவடைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, அறிவுத்திறத் தேர்வு வைத்தனர். அதே மனிதன், அதே மூளை. கையிலே காசில்லாத நாளிலே குறைந்த மதிப்பெண், காசு வந்தபின் கூடுதல்! இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும்கூட அறுவடைக்கு முன்பே மிகுந்திருந்தன. இடையிலே எவரும் அவனுக்கு நல்லெண்ணப் பயிற்சி கொடுக்கவில்லை. ஆலை பணம் கொடுத்தது, அவ்வளவுதான். “ஏழைக்கு அறிவு மட்டு, அதனால் ஏழையானான்” என்று திண்ணையிலே தீர்ப்புச் சொல்வோருக்கு இந்தத் தாளை மடித்து அனுப்பலாம். கவலையால் ஏறிய அழுத்தம் மட்டுமே மதிப்பெண் குறைந்ததற்குக் காரணமன்று, தீராத கணக்குகள் மூளையை நிறைத்துக்கொண்டதே பெருங்காரணம் என்றும் அவர்கள் எழுதினர். நமக்கு வசதியாக வெட்டி ஒட்டாமல் அதையும் சொல்லிவிடுகிறோம்.

பெரியாற்றுப் பாசன உழவருக்கு இது புதுமையன்று. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் நீரால் கம்பம் பள்ளத்தாக்கிலே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. 1979-இல் அணையின் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. 2014-இல் மறுபடி உறுதி செய்தபின்னரே நீர் அந்த அளவைத் தொட்டது. இடையிலே 35 ஆண்டு! 2011 டிசம்பரிலே பல்லாயிரவர் குமுளி எல்லையை நோக்கி நடந்தது வெறும் அரசியல் ஆவேசமா? ‘ஜூன் முதல் நாள் மதகு திறக்குமா?’ என்று ஆண்டுதோறும் வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்த்தவனின் குருதியையும் எண்ணிப் பாருங்கள். எப்போது வரும் என்று தெரிந்த அடியைவிட, எப்போது வரும் என்று தெரியாத அடி கொடிது. ஜே வைஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துக் காட்டியது இதைத்தான்: முன்னறிவிப்பு மணி கேட்ட எலிக்குப் புண் குறைவு, கேட்காத எலிக்குப் புண் மிகுதி, அதிர்ச்சியின் அளவோ ஒன்று.

வறுமை மட்டுமா? படிக்கட்டும் கொல்லும். 1967-இல் இலண்டனிலே அரசு ஊழியர் ஏறத்தாழ 18,000 பேரைக் கணக்கெடுத்துப் பல ஆண்டு பின்தொடர்ந்தனர். எவரும் பட்டினி கிடப்பவரில்லை. எல்லாருக்கும் அரசின் இலவச மருத்துவம். ஆயினும் மேல்நிலை அதிகாரியைக் காட்டிலும் கடைநிலை ஊழியர் இதயநோயால் மாள்வது மூன்று மடங்குக்கும் மேல்! மைக்கேல் மார்மட் அதைக் கூறுகூறாக ஆராய்ந்தார். புகை, கொழுப்பு, அழுத்தம் எல்லாம் கூட்டினாலும் வேறுபாட்டின் ஒரு பகுதியே விளங்கிற்று. 1985-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வு மற்றொரு காரணத்தைத் தொட்டது: தன் வேலையின்மேல் தனக்கு அதிகாரமின்மை. ஆணையிடுவோனைவிட ஆணைக்குக் காத்து நிற்பவனுக்கு நெஞ்சு நோகிறது.

இலண்டன் அலுவலகத்தின் படிக்கட்டு நாலைந்து. அதிலே ஏறவும் இறங்கவும் முடியும். பிறப்பாலே நிறுத்திவைத்து, ஏறமுடியாதபடி பூட்டிய படிக்கட்டொன்று நம் நாட்டிலே இருக்கிறதே! தேநீர்க் கடையிலே தனிக் குவளை நீட்டப்பட்டபோது கை நடுங்கிற்றே ஒருவனுக்கு, அந்த நடுக்கம் எந்தக் கணக்கேட்டிலே ஏறிற்று? தந்தையின் வயதுள்ளவரைச் சிறுவன் ‘டேய்’ என்றபோது அவர் பல்லைக் கடித்துப் புன்னகைத்தாரே, அந்தப் புன்னகையின் விலையைக் கார்டிசாலிலே அளந்தவர் யார்? சுயமரியாதை என்று இந்த இயக்கம் சொன்னபோது, “மானமா சோறு போடும்?” என்று நகைத்தனர். மானம் இரத்தக் குழாயிலும் ஓடுகிறது என்று இன்று மருத்துவ ஏடுகள் எழுதுகின்றன.

இங்கே நம் தோழர்களுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பேயை விரட்டிவிட்டு அந்தக் காலி நாற்காலியிலே ‘மன அழுத்தம்’ என்பதை அமர்த்தி, எதற்கெடுத்தாலும் அதைக் கும்பிடத் தொடங்கிவிடக்கூடாது. செலியின் எலிக்குப் புண் வந்தது. ஆகவே மனிதரின் வயிற்றுப் புண்ணெல்லாம் கவலையாலே என்று மருத்துவ உலகமே பல்லாண்டு நம்பியது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலே ராபின் வாரனும் பாரி மார்ஷலும், அந்தப் புண்ணிலே பெரும்பான்மை ஒரு கிருமியால் வருவது என்று கண்டனர். எவரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-இல் நோபல் பரிசு. கவலை புண்ணை மோசமாக்கலாம்; ஆயினும் மருந்து கிருமிக்குக் கொடுக்கவேண்டும். அதுபோலவே, படபடப்பு என்றவுடன் “கவலை, சரியாகிவிடும்” என்று திருப்பியனுப்பும் மருத்துவரும் நமக்கு உதவார். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லிற்று. இரும்புச் சத்துக் குறைந்தாலும் நெஞ்சு அடிக்கும். தைராய்டு மிகுந்தாலும் அடிக்கும். இதயக் கோளாறிலும் அடிக்கும். முதலில் குருதியைப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? தொலைவிலே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2021 ஆகஸ்டிலே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. ஆனால் அந்தப் பணியாளர் பகலிலே வீடு வரும்போது நம் தோட்டத் தொழிலாளி மலையிலே இருக்கிறாள்; இவள் இறங்கும்போது அவர் போய்விட்டிருப்பார்! மனம் உடைந்து நிற்போருக்கு 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது; இரவிலும் எடுப்பார்கள்; கட்டணமில்லை. அந்த எண்ணை மன்றத்துச் சுவரிலே எழுதுங்கள். தேர்தல் சின்னம் வரைந்த சுவரிலே அதற்கு இடம் இருக்கும்.

பட்டிமன்றம் போதும். ‘பேய் உண்டா இல்லையா’ என்று எத்தனை மேடை போட்டோம்! மேடை முடிந்து, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவனின் அண்ணிக்குப் பேயோட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என்ன செய்வான்? அண்ணனோடு சண்டையிடலாம், அது தேவைதான். அதைவிட, அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வரிசையிலே உடன் நிற்கலாம். அவள் ஒரு வாரம் ஓய்வெடுக்க, இவன் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் சில தோழர்கள் முகம் சுளிப்பர். பேயை எதிர்க்க அஞ்சாதவர்கள், விளக்குமாற்றைக் கண்டு அஞ்சுகிறார்கள்.

ஜீப்புகள் புறப்படும் இடங்கள் நமக்குத் தெரியும். கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் விடியலுக்கு முன்னே ஒரு மேசை, நான்கு நாற்காலி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, இயக்க இளைஞர் இருவர், செவிலியர் ஒருவர். ஓடிவந்த களைப்பு அடங்க ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டினால் மறுபடி ஒரு நாள் பாருங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எண்ணை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் அம்மா? தோட்டத்திலே கழிப்பிடம் உண்டா? ஜீப்பிலே எத்தனை பேர்? வாரத் தவணை எவ்வளவு? அடி விழுகிறதா? இதையும் கேளுங்கள், சொல்ல மனமுள்ளவர் சொல்லட்டும். பெயரில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் போதும். ஒரு பக்கம் அழுத்தத்தின் எண், மறு பக்கம் வாழ்க்கையின் எண். அந்தக் குறிப்பேட்டோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போவோம்; தேனியிலும் மலைக்கு அப்பாலும். கோடாங்கி வந்தால் அவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். இரவெல்லாம் உடுக்கையடித்துக் கண் விழிப்பவன். அவனுக்கும் அழுத்தம் ஏறியிருக்கும்.